நனையாத யந்திரமும் உப்பறிந்த யந்திரமும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கடல் கிடையாது. மேற்கே மலை இருக்கிறது; மற்றப் பக்கங்களில் பருத்தியும் நெல்லும் தென்னையும் இருக்கின்றன. ஆயினும், கடலில் மோதிரத்தைத் தொலைத்த கதை இவ்விரண்டு ஊர்களிலும் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒன்று அகப்படும். ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம், கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர், கோடை விடுமுறைக்குக் கன்னியாகுமரி என்று நம் குடும்பங்கள் கடலைத் தேடிப் போகின்றன. குளிர்ந்த ஜலத்தில் விரல் சற்றே சுருங்குகிறது. அலை ஒரு தள்ளுத் தள்ளுகிறது. கரையேறி ஈரத்துணியைப் பிழியும்போதுதான் விரல் வெறுமையாயிருப்பது கண்ணில் படுகிறது.

இது விஷயமாக இரண்டு நேயர்கள் நமக்கு எழுதியிருக்கிறார்கள். தலை தீபாவளிக்கு மருமகனுக்குப் போட்ட மோதிரம் திருச்செந்தூர்க் கடலில் போய்விட்டதென்றும், ‘நீர் புகாதது’ என்று விளம்பரம் செய்யப்படும் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கலாமா என்றும் கேட்கிறார் ராஜபாளையத்து அன்பர். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சகோதரி ஒருவரின் கடிதம் இன்னும் சுவாரசியமானது. அவருடைய கணவர் அத்தகைய யந்திரம் ஒன்றை வாங்கியே விட்டார். வீட்டுக் கொல்லையில் புதைத்து வைத்த காசையெல்லாம் அது சமர்த்தாகக் காட்டிக் கொடுத்ததாம்; ராமேசுவரத்தில் ஈர மணலுக்குக் கொண்டு போனவுடன் ஓயாமல் கத்தத் தொடங்கிற்றாம். “யந்திரம் கெட்டதா, கடல் கெட்டதா?” என்று கேட்கிறார்.

இரண்டும் கெடவில்லை என்பதே நமது பதில். அதற்குக் காரணம் சொல்லிவிட்டால் முதல் நேயரின் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்த யந்திரம் ராஜபாளையத்துக்குப் புதிதன்று. நூற்பாலைகளில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ‘ப்ளோ ரூம்’ பகுதியில் உலோகங்காட்டும் கருவி வைப்பதுண்டு. பஞ்சுக்குள் ஓர் இரும்புத் துண்டு வந்துவிட்டால் யந்திரத்தில் உரசிப் பொறி பறக்கும், பஞ்சு தீப்பிடிக்கும். அதனால் துண்டு உள்ளே போவதற்கு முன்பே கருவி அதைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும். உலர்ந்த பஞ்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே உலோகம் வந்தால் குரல் எழும், வராவிட்டால் மௌனம். கருவியின் வேலை அங்கே சுலபம்.

தத்துவமும் சுலபமானதே. யந்திரத்தின் அடியில் வட்டமான கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் மின்சாரத்தை மாறி மாறி ஓட விட்டால் சுற்றிலும் காந்த சக்தி ஏறி இறங்குகிறது. அருகிலே உலோகம் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் உலோகத்துக்குள் சிறு மின் சுழல்களை உண்டாக்கும். அந்தச் சுழல்கள் திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியைத்தான் யந்திரம் கேட்கிறது. ஆக, யந்திரம் தங்கத்தைத் தேடவில்லை. மின்சாரத்தைக் கடத்தும் பொருள் எதுவானாலும் அதன் எதிரொலியைத் தேடுகிறது.

இப்போது கடலைக் கவனியுங்கள். சமுத்திர ஜலத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அது நல்ல குடிநீரைவிட நூறு மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்தும். அந்த ஜலம் ஊறிய மணற்பரப்பு முழுவதும் யந்திரத்தின் காதுக்கு ஒரு பெரிய உலோகத் தகடு போலவே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சகோதரிக்கு உள்ளூர் உதாரணமே சொல்லலாம். பஞ்சைச் சோதிக்கும் கருவிக்கு அடியில் ஈரமான பால்கோவாப் பொட்டலத்தை நகர்த்தினால், அதில் ஊசி முனையளவு உலோகமும் இல்லாவிட்டாலும் பாலின் ஈரமும் உப்புச் சத்தும் கருவியைக் குழப்பக்கூடும். பாலாடைக்கட்டி, இறைச்சி முதலியவற்றைப் பொட்டலம் கட்டும் ஆலைகளில் இந்தத் தொல்லை பிரசித்தம். உலர்ந்த மணல் பஞ்சைப் போன்றது. கடலோர ஈர மணல் பால்கோவாவைப் போன்றது.

தேடும் பொருளைவிடச் சுற்றியிருக்கும் பொருள் யந்திரத்தை ஏமாற்றிய கதை மிகப் பழையது. 1881-ஆம் வருஷம் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், உடலுக்குள் தங்கிய குண்டை இத்தகைய கருவி ஒன்றினால் தேடிப் பார்த்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பது பலரும் சொல்லும் காரணம். ஜனாதிபதிக்கு அந்தப் படுக்கை எப்படியோ, நமது மோதிரத்துக்கு ஈர மணல் அப்படி.

ஆகவே வாங்குகிறவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. நனையாத யந்திரம் வேறு. உப்பறிந்த யந்திரம் வேறு. ‘நீர் புகாதது’ என்ற விளம்பரத்தின் அர்த்தம், ஜலத்தில் மூழ்கினாலும் உள்ளே இருக்கும் கருவிகள் கெடமாட்டா என்பதுதான். உப்பு ஊறிய மணலையும் தங்கத்தையும் பிரித்து அறியும் என்பதற்கு அந்த வார்த்தை உத்தரவாதம் ஆகாது. மூன்று மீட்டர் ஆழத்தில் மூழ்கியும் கெடாத யந்திரம், கணுக்கால் ஆழத்தில் கத்திக்கொண்டே இருக்கக்கூடும்.

உப்பைச் சமாளிக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால் யந்திரங்கள் மூன்று ஜாதி.

முதலாவது, ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்பவை. விலை குறைந்தவை பெரும்பாலும் இவையே. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் விளையாட்டுச் சாமான்களும் இந்த ஜாதிதான். துருக்கி தேசத்து நோக்டா கம்பெனி 2019-இல் வெளியிட்ட ‘சிம்ப்ளக்ஸ் பிளஸ்’ போன்ற நல்ல யந்திரங்களும் இந்த ஜாதிதான். நல்லவற்றில் கடற்கரைக்கென்று தனி ஏற்பாடு இருக்கும். அதைப் போட்டுக் காதின் கூர்மையையும் குறைத்துக்கொண்டால் ஈர மணலில் ஓரளவு அமைதியாக வேலை செய்யும். ஆனால் கூர்மையைக் குறைக்கும்போது உப்பின் கூச்சலோடு சிறிய தங்கத்தின் முனகலும் அடங்கிப் போகிறது என்பதை மறக்கக் கூடாது. உலர்ந்த மணலோடு நிற்கிறவர்களுக்கு இது போதும்.

இரண்டாவது, ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் கேட்பவை. உப்பின் எதிரொலி அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஒரு விதமாக மாறும். தங்கத்தினுடையது வேறு விதமாக மாறும். இரண்டையும் ஒப்பிட்டு உப்பைக் கழித்துவிடுவதே இவற்றின் சாமர்த்தியம். ஆஸ்திரேலியாவின் மைன்லாப் கம்பெனி 2018-இல் ‘ஈக்வினாக்ஸ்’ என்ற யந்திரத்தையும், 2019-இல் அதைவிட மலிவான ‘வான்குவிஷ்’ வரிசையையும் வெளியிட்டது. அந்த வரிசையில் மிகவும் சிறியதான 340-ஆம் எண் யந்திரம் முதலில் வந்தபோது அமெரிக்காவில் சுமார் 200 டாலருக்கு விற்றது. நமது தேசத்துக்கு வந்து சேரும்போது கப்பல் கூலி, சுங்கவரி, வியாபாரியின் லாபம் எல்லாம் மேலே ஏறும். நோக்டா கம்பெனியும் 2022-இல் ‘லெஜண்ட்’ என்ற பல அதிர்வெண் யந்திரத்தைக் கொண்டுவந்தது.

மூன்றாவது, துடிப்பு முறையில் வேலை செய்யும் ‘பல்ஸ் இண்டக்ஷன்’ யந்திரங்கள். இவை ஒரு குறுந்துடிப்பை அனுப்பிவிட்டு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு பொறுத்திருந்து அப்புறம் காது கொடுக்கின்றன. அதற்குள் கடல் ஜலத்தின் எதிரொலி அடங்கிவிடும், மோதிரத்தினுடையது அடங்காது. உப்பைப் பொறுத்தமட்டில் இவற்றுக்கு நிகர் இல்லை. ஆனால் இரும்பையும் தங்கத்தையும் இவை எளிதில் பிரித்துச் சொல்லமாட்டா. யாத்திரிகர் கூட்டம் நீராடும் கரையில் கொண்டை ஊசி, ஊக்கு, சோடா மூடி எத்தனை கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு நாம் வேண்டுதலாகக் கடலில் வீசும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களும் இக்காலத்தில் காந்தம் இழுக்கும் எஃகினால் ஆனவையே. துடிப்பு யந்திரத்தோடு அங்கே இறங்குகிறவர் மாலை வரையில் ஊக்குகளைத் தோண்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

எந்தக் கரைக்கு எது என்று இனி முடிவு செய்யலாம். ராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்தில் அலை பெரும்பாலும் அடங்கியிருக்கும். இரும்புக் குப்பைதான் அதிகம். அங்கே பல அதிர்வெண் யந்திரமே நல்லது. திருச்செந்தூருக்கும் அப்படியே, ஆனால் அலை உண்டு. ‘வான்குவிஷ்’ போன்றவற்றில் அடிச்சுருள் மட்டுமே நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக் கூடாது. ஆகவே அவற்றை ஈர மணலோடு நிறுத்திக் கொள்ளவேண்டும். இடுப்பளவு ஜலத்தில் தேட விரும்புகிறவர்களுக்கு உப்பறிந்ததும் நனையாததுமாக இரண்டு குணமும் சேர்ந்த யந்திரம் தேவை. விலையும் அதற்குத் தகுந்தாற்போல் ஏறும்.

கன்னியாகுமரிப் பக்கம் இன்னொரு சங்கடம் இருக்கிறது. மணவாளக்குறிச்சி முதலிய இடங்களில் கரை மணலோடு இல்மனைட் போன்ற இரும்புச் சத்துள்ள கருமணல் கலந்திருக்கிறது. ஒற்றை அதிர்வெண் யந்திரத்தைக் கருமணலுக்கு ஏற்பச் சரிசெய்தால் உப்பு கத்தும். உப்புக்கு ஏற்பச் சரிசெய்தால் கருமணல் கத்தும். இரண்டையும் ஒருசேர அதனால் சமாதானம் செய்ய இயலாது. அங்கே துடிப்பு யந்திரம், அல்லது நல்ல பல அதிர்வெண் யந்திரம் தவிர வேறு எதுவும் பிரயோஜனப்படாது.

இனி, எந்த நகை அகப்படும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது மனத்துக்கு நல்லது. முழு வட்டமான மோதிரமும் வளையலும் மின் சுழலுக்குச் சௌகரியமானவை. உரத்துக் குரல் கொடுக்கும். மெல்லிய சங்கிலி அப்படியன்று. அதன் கண்ணிகளை யந்திரம் தனித் தனியாகப் பார்க்கிறது. ஒவ்வொன்றும் கடுகளவு எதிரொலிதான் தரும், அதுவும் உப்பின் ஒலியை ஒத்திருக்கும். மூக்குத்தியும் கம்மலும் ஏறக்குறைய கைவிட்டவை என்றே எண்ணவேண்டும். நம் பெண்மணிகள் அதிகம் தொலைப்பது சங்கிலியையும் கம்மலையுமே என்பதால், யந்திரம் வாங்குவதைவிடக் குளிப்பதற்கு முன் அவற்றைக் கழற்றித் துணியில் முடிந்து, கரையில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுப்பது நூறு மடங்கு உத்தமம்.

வாங்குவதென்று தீர்மானித்து விட்டவர்கள், கடலுக்குப் போகாமல் வீட்டிலேயே ஒரு பரீட்சை நடத்தலாம். அடிச்சுருளைப்போல் இரண்டு பங்கு அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் ஆற்று மணலை நிரப்புங்கள். லிட்டருக்கு 35 கிராம், அதாவது பழைய கணக்கில் மூன்று தோலா, உப்புக் கரைத்த தண்ணீரை மணல் முழுதும் ஊறும்படி விடுங்கள். தொட்டியை மண் தரையில் வையுங்கள். கான்கிரீட் தரையானால் உள்ளே இருக்கும் கம்பியே பதில் சொல்லும். முதலில் மணலில் ஒன்றும் வைக்காமல் சுருளை மேலே வீசிப் பாருங்கள். கத்தினால் அந்த யந்திரம் கடற்கரைக்கு ஆகாது. அமைதியாயிருந்தால் ஒரு சாண் ஆழத்தில் மோதிரத்தைப் புதைத்துப் பாருங்கள். பிறகு சங்கிலியைப் புதைத்துப் பாருங்கள். தொட்டியில் தேறியது கடலில் தேறும் என்று நிச்சயமில்லை. ஆனால் தொட்டியில் தோற்றது கடலில் ஜயிக்கப் போவதில்லை. இந்தப் பரீட்சைக்குச் சம்மதித்து, தோற்றால் திருப்பி எடுத்துக்கொள்ளும் வியாபாரியிடமே வாங்குங்கள். கடலிலிருந்து வந்தவுடன் சுருளையும் தண்டையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்; உப்பு எந்த உலோகத்தையும் சும்மா விடாது.

செலவு விஷயத்தில் நமது அபிப்பிராயம் இது: காணாமற்போன மோதிரத்தின் கிரயத்தையும் யந்திரத்தின் கிரயத்தையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். இரண்டு கிராம் மோதிரத்துக்காக அதைவிட விலையேறிய யந்திரம் வாங்குவது கணக்குக்கு ஒத்து வராது. தகப்பனார் விரலில் இருந்த மோதிரத்துக்குக் கணக்குப் பார்க்க முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் அத்தகைய மோதிரத்தைத் தேட வேண்டியது தொலைந்த அன்றைக்கே. தங்கம் மணலைவிடப் பல மடங்கு கனமானது. அலை மணலைக் கிளறக் கிளற அது கீழே இறங்கிக்கொண்டே போகும். பார்சல் வந்து சேர்வதற்குள் கடல் தன் வேலையை முடித்துவிடும்.

ஆகவே ராஜபாளையத்து அன்பருக்கு நாம் சொல்லுவது: ஒரு குடும்பத்துக்கு ஒரு யந்திரம் வேண்டாம், ஊருக்கு ஒன்று இருக்கட்டும். வருஷந்தோறும் திருச்செந்தூருக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் குழுவோ, பஜனை மண்டலியோ, வாசகசாலையோ சந்தா போட்டு உப்பறிந்த யந்திரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, கடலாடப் போகிற கோஷ்டியோடு அனுப்பலாம். மோதிரம் போனவுடன் செய்யவேண்டியதையும் கோஷ்டியார் அறிந்திருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து கோபுரமும் ஒரு விளக்குக் கம்பமும் ஒரே நேராகத் தெரிகின்றனவா என்று பார்த்து ஒரு கோடு. பக்கவாட்டில் வேறு இரண்டு அடையாளங்களைக் கொண்டு இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடம்தான் தேட வேண்டிய இடம். மீனவர்கள் நடுக்கடலில் இடத்தைக் குறித்து வைப்பது இவ்விதமே. அந்தக் குறி இல்லாவிட்டால் எந்த யந்திரமும் உதவாது.

இன்னொரு யோசனையும் உண்டு. மேலே சொன்ன கம்பெனிகள் எல்லாம் அந்நிய தேசத்தவை. ஆனால் துடிப்பு யந்திரத்தின் அமைப்பு அவ்வளவு பெரிய ரகசியம் அன்று. மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் கம்பிச் சுருளைத் தாங்களே சுற்றி, கடைகளில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு செய்யக்கூடியதே. ராஜபாளையத்தில் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில் கிருஷ்ணன்கோயிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் கரையின் உப்பையும் கருமணலையும் அறிந்த யந்திரத்தை நம் வாலிபர்களே செய்தால், அதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

கடைசியாக, யந்திரம் கைக்கு வந்துவிட்டால் கூடவே சில கடமைகளும் வந்துவிடுகின்றன. கோயிற் கரைகளில் தேவஸ்தானத்தாரிடமும் போலீஸாரிடமும் சொல்லிவிட்டே தேடவேண்டும். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கால் வைக்கும் எண்ணமே வேண்டாம். மண்ணுக்குள் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எது அகப்பட்டாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். மறைத்தால் ஒரு வருஷம் வரையில் சிறைவாசம் கிடைக்கலாம். ஊர் திரும்பிய பிறகு, 2022 முதல் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்திய நம் பக்கத்து வேம்பக்கோட்டை மேட்டில் யந்திரத்தைப் பரீட்சித்துப் பார்க்கலாமா என்ற ஆசை யாருக்காவது எழுந்தால், அதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். மண்ணடுக்கு கலைந்த பிறகு கையில் இருக்கும் பாசிமணிக்கும் நாணயத்துக்கும் சரித்திரம் சொல்ல வாய் இராது.

புதையலைவிட அடிக்கடி நேரக்கூடியது வேறொன்று. நம் மோதிரத்தைத் தேடும்போது வேறொருவருடைய மோதிரம் அகப்படும். கண்டெடுத்த பொருளை உரியவருக்காகப் பத்திரமாக வைத்துக் காக்கும் பொறுப்பு கண்டெடுத்தவருக்கு உண்டு என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே சொல்லுகிறது. உட்புறம் பெயரோ தேதியோ பொறித்திருக்கிறதா என்று பார்த்து, போலீஸ் நிலையத்தில் எழுதி வைத்து ஒப்படையுங்கள். அந்த மோதிரத்துக்காக எந்த ஊரிலோ ஒரு வீட்டில் எவரேனும் இன்னும் வருந்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தால், சந்தா போட்டு வாங்கிய யந்திரத்தின் பணம் வீண் போகவில்லை என்று கோஷ்டியார் அனைவரும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.